எடைக்கு எடை வெல்லம்

கோபிசெட்டிபாளையம் பஸ்ஸில் எனக்கு அரை டிக்கெட் வாங்குவது அம்மாவுக்குப் பெரும்பாடு. எனக்கு அப்போது பத்து வயது. கண்டக்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார், பிறகு அம்மாவைப் பார்ப்பார். "ஏனுங்க அம்மணி, இந்தப் பாப்பாவுக்கு அரை டிக்கெட் கிழிச்சா என்ற வேலை போயிருமுங்க" என்று ஒருவர் மிக மரியாதையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மானத்தை வாங்கினாலும் 'ங்க' போட்டுத்தான் வாங்குவார்கள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அம்மா வாதாடாமல் முழு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சரவணம்பட்டி தாண்டுவதற்குள் மூச்சு முட்டி விட்டுவிடுவேன்.

நான் குண்டு. இதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். நல்ல புஷ்டி என்பார்கள், வாட்டசாட்டம் என்பார்கள், லட்சுமிகடாட்சம் என்றுகூட ஒரு பெரியவர் சொன்னதுண்டு. பள்ளிக்கூடத்தில் வேறு பேர்கள் இருந்தன. கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் நான் மட்டும் நிற்பேன். இரண்டு அணிக்காரிகளும் என்னை அடுத்தவள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொள்வேன். குனிந்தால் மூச்சு வாங்கும், அதுவும் அவர்களுக்குச் சிரிப்பு.

நான் எப்படி இப்படி ஆனேன் என்ற கதையை எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அம்மா பிறந்த வீடு கோபிப் பக்கத்துத் தோட்டத்தில். கரும்பு, வாழை, தொழுவம் நிறைய மாடு. எங்கள் வழக்கப்படி பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். மூன்றாம் மாதம் பிள்ளையைத் தொட்டிலோடு புருஷன் வீட்டில் கொண்டுவந்து விடும்போது தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வெள்ளிக் கிண்ணமும் தண்டையும் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு கறவை மாட்டைக் கன்றோடு டெம்போவில் ஏற்றிக் கணபதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். தங்கச்சி பிள்ளை பாலுக்கு ஊரான் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாராம்.

கணபதியில் எங்கள் வீட்டின் முன்பாதி அப்பாவின் லேத்துப் பட்டறை, பின்பாதியில் நாங்கள். மோட்டார் பம்ப்புக்கான உருப்படிகளைக் கடைந்து கொடுப்பது அப்பாவின் தொழில். இரும்புச் சுருள் குவிந்து கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த மாட்டைக் கட்டினார்கள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பிள்ளைக்குப் பால் வாங்க எனக்கு வக்கில்லை என்று மச்சான் சொல்லாமல் சொல்கிறாரா? மறுநாளே டவுன்ஹால் பக்கம் போய் டின் டின்னாகப் பால் பவுடர் வாங்கிவந்து அலமாரியில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி அடுக்கினார். மாட்டுப்பாலைக் குடிக்காவிட்டால் மாமாவுக்கு அவமானம், பவுடரைக் குடிக்காவிட்டால் அப்பாவுக்கு அவமானம். நான் இரண்டையும் குடித்தேன். அம்மாவின் பாலுக்காக ரோஷப்பட யாரும் இல்லாததால் அது மூன்றாம் இடத்துக்குப் போயிற்று.

எனக்குப் பால் புகட்டுவது அத்தையின் பொறுப்பு. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்திருந்தது. நடக்கும் முன்னே, வற்றி வற்றி இறந்துபோனது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம். என்னை மடியில் போட்டுக்கொண்டு பாலில் சர்க்கரை கரைத்து, பிஸ்கட்டை ஊறவைத்து, நான் தலையைத் திருப்பினால் தாடையை மெல்லப் பிடித்துத் திருப்பி, கடைசிச் சொட்டுவரை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாளாம். அவள் என்னை நேசித்தாள். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

வருஷம் திரும்பியதும் குலதெய்வக் கோயிலில் எனக்குத் துலாபாரம். தராசின் ஒரு தட்டில் பிள்ளை, மறுதட்டில் பிள்ளையின் எடைக்கு வெல்லம். மாமா தோட்டத்துக் கரும்பில் காய்ச்சிய உருண்டை வெல்லம் ஒரு கூடை கொண்டுபோயிருந்தார்கள். அந்தக் கூடை தீர்ந்தும் என் தட்டு மேலே வரவில்லை. பொங்கல் வைக்க எடுத்துவைத்த வெல்லத்தையும் வாங்கிப் போட்ட பிறகுதான் முள் நேரே நின்றதாம். இதை அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. பட்டறைக்கு வரும் வியாபாரிகளிடம்கூடச் சொல்வார். சொல்லும்போது நான் அங்கே இருந்தால் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

அம்மா இரண்டாவது முறை உண்டானபோது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். லீவு நாளானதால் கணபதியிலேயே இருந்த டாக்டரம்மாவிடம் என்னையும் கூட்டிப் போனாள். அம்மாவைப் பார்த்து முடித்ததும் டாக்டரம்மாவின் கண் என்மேல் விழுந்தது. என்னையும் எடை மெஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன். முள் எங்கே போய் நின்றது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதற்காக இன்றும் அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். பாப்பா கைக்குழந்தையில் என்ன குடித்தாள் என்று மட்டும் கேட்டார். அம்மா பழக்கதோஷத்தில் பெருமையாகவே ஆரம்பித்தாள். மாட்டுப்பால், டின் பால், சர்க்கரை, பிஸ்கட், மூன்றாம் மாதத்திலேயே ராகிக் கூழ் என்று அடுக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் குரல் இறங்கி நின்றுவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அதனாலதான் இப்படின்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார். "உடம்பு வாகு இருக்குது, இப்ப சாப்பிடறது இருக்குது, ஓடியாடறது இருக்குது. ஆனா தாய்ப்பால் குடிக்கற குழந்தை வயிறு நெறஞ்சா அதுவா வாயை எடுத்துக்கும். புட்டியில நாம எடுக்க விடறதில்லை. இந்தக் குழந்தைக்காவது அஞ்சாறு மாசம் உங்க பாலை மட்டும் குடுத்துப் பாருங்க."

முன்பாதி அம்மாவின் காதில் ஏறவே இல்லை. பின்பாதி மட்டும் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள். அழுகிறாளா என்று அண்ணாந்து பார்த்தேன். அழவில்லை. "இந்த ஒண்ணையாவது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மற்றொன்று நான்தான் என்று எனக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. என் மாதிரி இன்னொருத்தி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அன்று முதல் அம்மா என் சாப்பாட்டிலும் கை வைத்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டால் பாத்திரத்தை மூடிவிட்டு, எழுந்து கை கழுவச் சொல்வாள். சாயங்காலம் பட்டறைச் சுவரோரம் கயிறு தாண்டச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பாள். நான் குதித்தால் பட்டறைப் பையன்கள் சிரிப்பார்கள். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், சிரிப்பு நின்றுவிடும். எனக்குப் பசித்தது, அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் என் உடம்பைப் பார்த்து ஒருத்தி கவலைப்படுகிறாள் என்பது ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஒன்று சிரித்தார்கள், இல்லாவிட்டால் பெருமைப்பட்டார்கள்.

தங்கை கோபியில் பிறந்தாள். பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். மூன்றாம் மாதம் நெருங்கும்போது மாமா தொழுவத்தில் ஒரு நல்ல மாட்டைப் பார்த்து வைத்திருந்தார். கொம்புக்கு வண்ணம்கூட அடித்தாகிவிட்டது. அன்று மதியம் அவர் சாப்பிட்டு எழுந்த நேரம் பார்த்து அம்மா, மாடு வேண்டாம் என்று சொன்னாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. டின் பாலா என்று கேட்டார். அதுவும் இல்லை, என் பால் மட்டும்தான் என்றாள்.

மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "அப்ப என்ற சீரு உனக்கு வேண்டாம்ங்கறே" என்றார்.

"சீரு வேண்டாம்னு சொல்லலீங்ண்ணா. மாடு மட்டும் வேண்டாம்."

மாட்டைத் தவிர்த்த சீர் என்ன சீர் என்று அவருக்குப் பட்டது. மூத்தவளுக்குச் செய்துவிட்டு இளையவளுக்குச் செய்யவில்லை என்று கணபதியில் பேச மாட்டார்களா? டாக்டர் சொன்னதை அம்மா எடுத்துச் சொன்னாள், என்னைக் கைகாட்டிக்கூடச் சொன்னாள். மாமா என்னைப் பார்த்தார். "இவளுக்கு என்ன கொறை, நல்லாத்தானே இருக்கறா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்களைக் கொண்டுவிடும் நாளில் அவர் வரவில்லை. அவர் மனைவி சீர்த் தட்டுகளைக் காரில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் திரும்பிவிட்டாள். அம்மா ஊர் எல்லை தாண்டியதும் அழுதாள். தாய்வீட்டைப் பகைத்துக்கொண்ட பெண்ணுக்குப் புருஷன் வீட்டில் என்ன பலம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கணபதிக்கு வந்ததும் பிள்ளை பார்க்க ஆட்கள் வந்தார்கள். தங்கை நீளமான கைகாலோடு, எப்போதும் முழித்துக்கொண்டு, ஆள் கண்டால் சிரித்துக்கொண்டு இருந்தாள். வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பெரியவளை இந்த வயதில் தூக்கவே முடியாதே என்பார்கள். ஊசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா எடை சரியாக இருக்கிறது என்று சொன்னார். அம்மா அதை வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எடுபடவில்லை. வெறும் சரியாக இருப்பது எங்கள் வீட்டில் என்றைக்குமே மரியாதையான விஷயமாக இருந்ததில்லை.

இதற்கு நடுவில் அப்பா துலாபாரத்துக்கு நாள் குறித்துவிட்டார். மொட்டையடித்துக் காது குத்தி, மூத்தவளுக்குச் செய்ததுபோலவே எடைக்கு எடை வெல்லம். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. அத்தைக்குத்தான் தூக்கம் போயிற்று. தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தங்கையின் விலாவைத் தடவித் தடவிப் பார்ப்பாள். இவளை வைத்தால் அரைக்கூடைக்கு வராது, சனம் சிரிக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா அன்று சாப்பிடும்போது அம்மாவிடம், உனக்குப் பால் ஊறுகிறதா இல்லையா என்று கேட்டார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கேட்டார். அம்மாவின் முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கையை மடியில் கிடத்தி, பாலாடைச் சங்கால் கடைப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். தங்கை தலையைத் திருப்பினாள். அத்தையின் விரல்கள் மெல்ல அவள் தாடையைப் பிடித்துத் திருப்பின. நான் மாடிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். படி ஏறிய வேகத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை, சொல்லி முடிக்க அத்தனை நேரம் ஆயிற்று.

அம்மா கீழே வந்தபோது அத்தை மறைக்கவில்லை. பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் வாயை முந்தானையால் துடைத்தாள். அம்மா சத்தம் போடவும் இல்லை. எதுக்குங்க அண்ணி இப்படிச் செய்யறீங்க என்று கேட்டாள். அத்தை அதுவரை பேசாததை அன்றைக்குப் பேசினாள்.

"என்ற கொழந்தைக்கும் பால் பத்துதுன்னுதான் அம்மணி நானும் நெனச்சுட்டு இருந்தேன். கடேசில தூக்குனா கையில கனமே இல்லை. வெறுந்துணியைத் தூக்கற மாதர இருந்துச்சு. இன்னொண்ண அப்படித் தூக்க என்னால ஆவாது. நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ."

டாக்டரம்மா சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு செத்த குழந்தையோடு சண்டை போட முடியாது. அம்மா தங்கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் பிள்ளையைக் கூடவே கொண்டுபோய்க் குளியலறை வாசலில் என்னை உட்காரவைத்து என் மடியில் கிடத்திவிட்டுப் போவாள். ஆனால் நான் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க முடியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் ஒருத்தி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்க முடியும்?

தங்கைக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மாட்டுப்பாலா, பாலாடையா, கடைப் பாலில் கலந்த தண்ணீரா, யார் கண்டது. இரண்டு நாளில் கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். சத்தி ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து நெற்றி நரம்பில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அந்தச் சின்னத் தலையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா கட்டிலைவிட்டு நகரவில்லை. அத்தை வாசல் நிலையில் சாய்ந்து நின்று, போயிரும், இதுவும் போயிரும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் சுற்றிவந்த இளவயது டாக்டர் அவசரத்தில் இருந்தார். குழந்தை என்ன குடிக்கிறது என்றார். தாய்ப்பால் மட்டும்தான் என்று அப்பா முந்திக்கொண்டு சொன்னார். அவர் அறிந்தவரை அது உண்மை, பாலாடை விஷயம் அவர் காதுக்கே போகவில்லை. அம்மா வாயைத் திறந்தாள். அத்தையை ஒருமுறை பார்த்தாள், திறந்த வாயை மூடிக்கொண்டாள். டாக்டர், பால் பத்தவில்லை என்றால் மேல்பால் கொடுக்க வேண்டியதுதானே என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது போகிறபோக்கில் சொன்ன வார்த்தை. எங்கள் வீட்டில் அது தீர்ப்பு ஆகிவிட்டது.

அப்பா கோபக்காரர் இல்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உன்ற புடிவாதத்துக்கு ஒரு உசுரு போகோணுமா?" என்று கேட்டார். அம்மா தலை நிமிரவில்லை. தங்கையின் பாதத்தை இரு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். உண்மை தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர். அத்தை அழுதுகொண்டிருந்தாள். நான் அத்தை பாலாடையில் கொடுத்ததைச் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, அந்தப் பாலாவது உள்ளே போனதால்தான் இவள் இத்தனை நாள் தாங்கினாள் என்றார். அதற்குமேல் என்ன சொல்ல? எந்தப் பக்கம் போனாலும் பாதை அங்கேதான் போய் முடிந்தது.

தங்கை பிழைத்துவிட்டாள். டின் வந்தது, புட்டி வந்தது. முதல் சில வாரம் அம்மா விடாமல் முயன்றாள். புட்டியில் கஷ்டமில்லாமல் குடித்துப் பழகிய குழந்தை அம்மாவிடம் வந்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீறிட்டது. இழுக்காத பால் ஊறவில்லை. ஊறாததைக் காட்டி, பார்த்தாயா, பால் இல்லை என்றார்கள். அம்மா பூண்டு தின்றாள், சுறாப்புட்டு செய்து தின்றாள், கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்து கையால் பீய்ச்சிப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் ஈரம் தெரியும், அவ்வளவுதான். ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, உலை வைக்கப் போய்விட்டாள்.

விஷயம் கோபிக்கு எட்டியது. மாமா தாமே டெம்போவில் முன்னால் உட்கார்ந்துகொண்டு மாட்டோடு வந்து இறங்கினார். கழுத்து மணி தெரு முழுக்கக் கேட்டது. நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன்தான். அப்பா அவரை வாசல்வரை போய் வரவேற்றார். இரண்டு பேரும் பட்டறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அத்தை மாட்டுக்கு ஆரத்தி எடுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அம்மாவும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், அண்ணனோடு சமாதானம் ஆகிவிட்டதே. அவளுக்கு அது தேவையாக இருந்தது. அவளுக்கென்று வேறு யார் இருந்தார்கள்?

தங்கை பிறகு என்ன ஆனாள் என்று கேட்டால், என்னைப்போலவே ஆனாள். இரண்டாம் வகுப்பில் அவளுக்கு நாலாம் வகுப்பு அளவில் சீருடை தைக்க வேண்டியிருந்தது. பாலால்தான் அப்படி ஆனோம் என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்வது? எங்கள் தெருவில் புட்டிப்பால் குடித்து ஒட்டடைக்குச்சியாக வளர்ந்தவர்களும் உண்டு. அப்பா வழியில் எல்லோருக்குமே கனத்த சரீரம். ஒருவேளை அம்மா ஜெயித்திருந்தாலும் தங்கை குண்டாகத்தான் வளர்ந்திருப்பாளோ என்னவோ. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அடைத்துவிட்டோம். எனக்கு ஆறாத ஆத்திரம் அதில்தான்.

தங்கைக்கு வருஷம் திரும்பியதும் நடந்த துலாபாரத்துக்குக் கோயில் நிறைய உறவு. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள், தங்கை அலறி அடங்கினாள். அதற்குள் அவளுக்குக் கன்னம் உப்பி, மணிக்கட்டில் மடிப்பு விழுந்து, கழுத்து எங்கே என்று தேடும்படி ஆகியிருந்தது. தராசுத் தட்டில் பட்டுத்துணி விரித்து அவளை வைத்தார்கள். மாமாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று வெல்ல உருண்டைகளைப் போட்டார்கள். போடப் போட அவள் தட்டு தரையைவிட்டு எழவில்லை. கூட்டத்தில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். அத்தை இரு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு கண்ணீர் வழிய நின்றாள். அவளுடைய அத்தனை வருஷத்துப் பயமும் அன்றைக்குத்தான் தீர்ந்திருக்க வேண்டும்.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரியவளையும் சேர்த்து ஏற்றினால் சாமிக்குத் தோட்டத்தையே எழுதிவைக்க வேண்டியதுதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பட்டறைப் பையன்களை ஒரே பார்வையில் அடக்கியவள் இப்போது என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி உருண்டையைத் தாய்தான் போட வேண்டும் என்று பூசாரி கூப்பிட்டார். அம்மா முன்னால் வந்து போட்டாள். தட்டுகள் சமமாக நின்றன. மணி அடித்தார்கள்.

அந்த வெல்லத்திலேயே பொங்கல் வைத்துப் பந்தி போட்டார்கள். நான் பெண்கள் வரிசையின் கோடியில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மாமா சொன்னது காதிலேயே இருந்தது. அம்மா பொங்கல் வாளியோடு வரிசையில் பரிமாறிக்கொண்டு வந்தாள். முதலில் வைத்ததை நான் தின்று முடித்திருந்தேன். மறுபடி என்னிடம் வந்தபோது, பழைய வழக்கப்படி எழுந்து கை கழுவச் சொல்வாள் என்று நினைத்து இலையை மடிக்கக் கையை வைத்தேன்.

அம்மா என் கையை விலக்கினாள். கரண்டி நிறைய எடுத்து இலையில் வைத்தாள். இன்னொரு கரண்டி வைத்து, மேலே நெய்யும் ஊற்றினாள். நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஒரு வேலையை முடித்துவிட்டவளின் முகமாக இருந்தது.

"சாப்புடு கண்ணு" என்றாள். "யாரு என்ன சொன்னா என்ன, நீ நல்லா சாப்புடு."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். என்னை அவளும் கைவிட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நெய் உருகி ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து, வைத்தது எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.